சுமைதாங்கிக் குரல் - பி.பி.ஸ்ரீநிவாஸும் ஒரு மணி நேர கேசட்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் நெம்மேலி வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் உள்ள ஊர் என்றால் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 2013ல் தினம் 10 கோடி லிட்டர் அளவில் ஆரம்பித்தது, 2024ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. பகலில் லாரியும் பேருந்தும் சுற்றுலா வண்டியுமாக இருக்கிற சாலை, இரவு பத்து மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விடும். அந்த நேரத்தில் டீக்கடைகளிலும் பஞ்சர் கடைகளிலும் பண்பலையில் பழைய பாட்டு போட ஆரம்பிப்பார்கள். அலைச் சத்தம் ஒரு பக்கம். அதை மீறிக் கத்தாமல், அதோடு சேர்ந்தே வருகிற ஒரு ஆண் குரல் இன்னொரு பக்கம். நாலு பாட்டில் ஒரு பாட்டாவது அந்தக் குரலில்தான் இருக்கும்.

அது பி.பி.ஸ்ரீநிவாஸின் குரல்.

உப்புத் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்குவது எப்படி என்பது பொறியியல். துக்கத்தைக் கேட்கிற பாட்டாக்குவது எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கூடவே, ஒரு பாடகரின் மெதுவான பாடல்களை மட்டும் பொறுக்கி எடுத்து, "இது எனக்காகவே பாடினது" என்று லட்சக்கணக்கான பேர் தனித்தனியாக நினைத்துக்கொண்ட விசித்திரத்தைப் பற்றியது.

பி.காம். படித்த பாடகர்

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீநிவாஸ் 1930 செப்டம்பர் 22ம் தேதி ஆந்திராவில் காக்கிநாடாவில் பிறந்தவர். பெயரில் பயங்கரம், குரலில் துளியும் இல்லை! அப்பா அரசு உத்தியோகஸ்தர். பையன் படித்து ஒரு நல்ல வேலையில் உட்கார வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையனும் பி.காம். முடித்தார், இந்தி விஷாரத் தேர்வும் எழுதித் தேறினார். ஆனால் மனசு முழுக்க முகமது ரஃபி, தலத் மஹ்மூத் பாடல்கள்.

சினிமாவில் பாட்டுப் பாடிப் பிழைக்கிற யோகம் இவருக்கு இல்லை என்று ஒரு ஜோசியர் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. 1953ல் தமிழில் அவர் பாடிய ஆரம்பப் படத்தின் பெயர் என்ன தெரியுமா? "ஜாதகம்"!

அதற்கு முந்தின வருடமே ஜெமினி ஸ்டுடியோவில் வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி மூலமாக வாய்ப்பு வந்து, "மிஸ்டர் சம்பத்" (1952) இந்திப் படத்தில் பாடியிருந்தார். தமிழில் நிலைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. "பிரேம பாசம்" (1956), "வீரபாண்டிய கட்டபொம்மன்" (1959), "அடுத்த வீட்டுப் பெண்" (1960) என்று படிப்படியாக ஏறி வந்தவரை ஒரே தாவில் உச்சியில் வைத்தது 1961ல் வந்த "பாவ மன்னிப்பு". கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைக்க, திரையில் ஜெமினி கணேசன் வாயசைத்த அந்தப் பாட்டில், காதலியை ஒவ்வொன்றிலும் சிறந்ததாக அடுக்கிக்கொண்டே போவார் கவிஞர். பகவத் கீதையில் கண்ணன் தன்னைச் சொல்லிக்கொள்கிற முறை அது. கீதையின் பாணி காதல் பாட்டாக மாறியும் யாருக்கும் உறுத்தவில்லை என்றால், அதைப் பாடிய குரலின் பணிவும் ஒரு காரணம்.

மைக் கொண்டுவந்த மாற்றம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930களின் தமிழ்ப் பாடகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்தில் ஒலிபெருக்கி எல்லா ஊரிலும் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயி, உரத்த குரல். அந்தக் குரலோடுதான் அவர்கள் சினிமாவுக்கும் வந்தார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டில் இருக்கும் அந்தக் கம்பீரமும் இதே மேடை மரபில் வந்ததுதான்.

அமெரிக்காவில் இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டது. 1925ல் மின்சார ஒலிப்பதிவு வந்தபிறகு, பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்கின் அருகே நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாட ஆரம்பித்தார்கள். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையில் இருந்த அரங்கமே காணாமல் போயிற்று. கிட்டத்தட்ட காதோரம் வந்துவிட்டான் பாடகன்.

தமிழில் அந்தக் காதோரக் குரலை முதலில் பரவலாக்கியவர் ஏ.எம்.ராஜா. "கல்யாணப் பரிசு" (1959) வரை ஜெமினி கணேசனுக்கு அந்தக் குரல்தான் அடையாளம். அதே பாதையில் வந்த ஸ்ரீநிவாஸ், இன்னும் கீழே இறங்கினார். மந்திர ஸ்தாயியில், அதாவது குரலின் அடித்தளத்தில், மூச்சு சிதறாமல் நிற்பது சுலபமான வேலை இல்லை. மேலே போகும்போது தப்பு செய்தால் வேகத்தில் மறைந்துவிடும். கீழே, மெதுவாகப் பாடும்போது ஒரு எழுத்து பிசகினாலும் தெரிந்துவிடும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ்ச் சொற்களை அவ்வளவு தெளிவாக, வலிக்காமல் உச்சரித்தார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அதே காலத்தில் உச்சத்தில் இருந்தவர் டி.எம்.சௌந்தரராஜன். இருவரையும் ஒப்பிட்டு யார் உசத்தி என்று பட்டிமன்றம் நடத்துவது வீண். இரண்டு குரலும் இரண்டு இடத்துக்கு உரியவை. டி.எம்.எஸ். குரல் திருவிழாவில், கல்யாண வீட்டில், கட்சிக் கூட்டத்தில் குழாய் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டாலும் பொருத்தமாக இருக்கும். ஸ்ரீநிவாஸ் குரல் 1960களில் வீட்டுக்குள் நுழைந்த டிரான்சிஸ்டருக்கு உரியது. விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது. டி.எம்.எஸ்.ஸும் உருகி உருகிச் சோகப் பாட்டு பாடியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அழுகிறவன் ஊரறிய அழுகிறான். இங்கே தலையணைக்குள் அழுகிறான்.

கடல் தாண்டி வந்த வானொலி

இந்தப் பாட்டெல்லாம் வீடு வந்து சேர்ந்த வழியும் ஒரு சரித்திரம். 1952ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். 1957ல் விவித் பாரதி ஆரம்பித்தபிறகும் இலங்கை வானொலியின் மவுசு குறையவில்லை. தமிழகக் கடற்கரை ஊர்களில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்ற பெயர்கள் வீட்டு மனிதர்களின் பெயர்கள் மாதிரி.

வானொலியில் ஒரு சங்கடம் உண்டு. பிடித்த பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இசைத்தட்டு வாங்கலாம் என்றால் தட்டோடு பெட்டியும் வாங்க வேண்டும். அது எல்லார் வீட்டுக்கும் ஆகிற காரியமா?

பிறகு கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963லேயே கொண்டுவந்திருந்தாலும், நம் ஊர்ச் சாதாரண வீடுகளுக்கு அது வந்தது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும்தான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போனவர்கள் லீவுக்கு வரும்போது கையில் ஒரு டூ-இன்-ஒன். அதைப் பார்க்கவே தெருவே கூடும்.

கூடவே முளைத்தன ரெக்கார்டிங் சென்டர்கள். ஒரு வெள்ளைத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், ஓரிரு நாளில் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். பாட்டுக்கு மூன்றரை நிமிடம் வைத்தால் பக்கத்துக்கு 8 பாட்டு, ஆக மொத்தம் 16. இந்தப் பதினாறை எப்படித் தேர்ந்தெடுப்பது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பெனி போட்ட தொகுப்பு கம்பெனியின் கணக்கு. தாளில் எழுதிக் கொடுத்த தொகுப்பு அவரவர் மனசு. "சுமைதாங்கி"யில் இரண்டு, "பாவ மன்னிப்பு"வில் ஒன்று, "நெஞ்சில் ஓர் ஆலயம்" (1962) ஒன்று, "போலீஸ்காரன் மகள்" (1962) ஜானகியோடு ஒன்று, "ராமு" (1966) படத்தில் நிலவைப் பார்த்துப் பாடுவது ஒன்று... இப்படிப் போகும் பட்டியல். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்பதைப் பார்த்தே எழுதினவர் காதலில் இருக்கிறாரா, வேலை தேடுகிறாரா, மனைவியை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறாரா என்று ஊகித்துவிடலாம்!

சட்டப்படி பார்த்தால் இது தவறுதான். 1984ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். பாட்டை உருவாக்கியவர்களுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு காசும் போகவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பாடகரின் மெல்லிய பாடல்கள் "ஒரு தொகுப்பு" என்ற உருவத்தை அடைந்தது அங்கேதான் என்பதும் உண்மை. கம்பெனிகள் "ஜெமினி கணேசன் ஹிட்ஸ்" என்று நடிகர் முகத்தை அட்டையில் போட்டு விற்றபோது, தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் தலைப்பில் "பி.பி.எஸ்." என்று பாடகர் பெயரை எழுதினார்கள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பாட்டு, ஒரு பெட்டி

சரி, ஒரு பாட்டு மனுஷனை உண்மையில் என்ன செய்துவிடும்? அழ வைக்கும், தூங்க வைக்கும், அவ்வளவுதானே? இதற்குப் பதிலாக ஒரு சம்பவம் இருக்கிறது. வாலி பல மேடைகளில் தன் வாயாலேயே சொன்னது.

1960களின் தொடக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து பாட்டெழுத வந்த ரங்கராஜன் என்கிற வாலி, தியாகராய நகரில் கிளப் ஹவுஸ் என்ற விடுதியில் தங்கியிருந்தார். 1958லேயே முதல் பாட்டு எழுதியாகிவிட்டது, ஆனால் அதன்பிறகு நிலையாக ஒன்றும் அமையவில்லை. சாப்பாட்டுக்கே திண்டாட்டம். இனி சென்னை வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்த நேரத்தில் பார்க்க வந்தார் நண்பர் ஸ்ரீநிவாஸ். சமீபத்தில் என்ன பாட்டு பாடினீர்கள் என்று பேச்சுவாக்கில் வாலி கேட்க, "சுமைதாங்கி" படத்துக்காகப் பாடின கண்ணதாசன் பாட்டை அங்கேயே பாடிக் காட்டினார் அவர். மனம் கலங்கி நிற்பவனைப் பார்த்து, உனக்குக் கீழே இருப்பவர்களையும் எண்ணிப் பார் என்று ஆறுதல் சொல்கிற பாட்டு.

வாலி ஊருக்குப் போகவில்லை.

அடுத்த வருடம், 1963ல், "கற்பகம்" வந்தது. அதன்பிறகு 2013 வரை வாலி ஓயவில்லை.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பாட்டை எழுதியவர் கண்ணதாசன். அந்தப் பாட்டால் நின்றவர்தான் பிற்பாடு கண்ணதாசனுக்கே போட்டி என்று பேசப்பட்டவர். ஒரு கவிஞர் தனக்குத் தெரியாமலே தன் போட்டியாளரைச் சென்னையில் தங்க வைத்தார், ஒரு பாடகரின் தொண்டை வழியாக!

அந்த அறையில் வாத்தியம் இல்லை, மைக் இல்லை. நண்பன் எதிரில் நின்று பாடினான். அந்தப் பாட்டு ஒலிநாடாவில் கேட்டாலும் அப்படித்தான் கேட்கிறது. எதிரில் ஒரே ஒரு ஆள் இருக்கிற மாதிரி. இந்தத் தொகுப்பின் தனிப்பட்ட ஈர்ப்புக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

சுமைதாங்கி என்றால் என்ன என்று இன்றைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், பிறர் கை உதவி இல்லாமலே சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக அந்தக் கல்லை நட்டுவைப்பது வழக்கம். கல் சுமையைக் குறைக்காது. கூட நடந்தும் வராது. கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

சோகப் பாட்டு கேட்டால் சோகம் கூடும் என்று பெரியவர்கள் திட்டுவது உண்டு. சிலருக்குக் கூடவும் செய்யலாம். இரவெல்லாம் அதையே கேட்டு, சுமையை இறக்கி வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டால் பயணம் நடக்காது. சுமைதாங்கியில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

தொகுப்பு மறைத்தது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொகுப்பு ஒருவரை நினைவில் வைக்கும், அதே சமயம் சுருக்கியும் விடும். "சோகப் பாட்டுக்காரர்" என்ற முத்திரை ஸ்ரீநிவாஸ் மேல் விழுந்தது. "அடுத்த வீட்டுப் பெண்"ணிலும் "காதலிக்க நேரமில்லை"யிலும் (1964) அவர் செய்த குறும்பெல்லாம் எங்கே போயிற்று? கர்நாடகத்தில் போய்க் கேட்டால் படமே வேறு. அங்கே அவர் டாக்டர் ராஜ்குமாரின் குரல். 1974ல் "சம்பத்திகே சவால்" படத்தில் ராஜ்குமார் தானே பாட ஆரம்பிக்கும் வரை, பக்தி, காதல், வீரம் எல்லாவற்றுக்கும் இவர்தான். ஒரே மனிதர், இரண்டு மாநிலத்தில் இரண்டு விதமான தொகுப்பு.

1969ல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது, அதைப் பற்றி ஆங்கிலத்தில் தானே பாட்டெழுதி, பாடி, இசைத்தட்டும் வெளியிட்டார். நிலவிலிருந்து கடவுளை நோக்கி என்ற கருத்தில் எஸ்.ஜானகியோடு இன்னொரு பாட்டு. எத்தனை கேசட்டில் இது இடம் பிடித்தது?

அதே 1969ல் "சாந்தி நிலையம்" வந்தது. ஜெமினி கணேசனுக்கு அதில் பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்ற இளைஞர். காலம் மாறிவிட்டது. ஸ்ரீநிவாஸுக்கு வாய்ப்புகள் குறைந்தன. அவர் யாரையும் குறை சொல்லிக்கொண்டு அலைந்ததாகத் தெரியவில்லை. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் உட்கார்ந்து, சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாக்களை வைத்துக்கொண்டு எட்டு மொழிகளில் கவிதை எழுதினார். 2008ல் அந்த ஓட்டலும் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா.

நடுவில் 1986ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் "ஊமை விழிகள்" எடுத்தபோது, தோற்றவனைத் தட்டி எழுப்பும் ஒரு பாட்டுக்கு அவரைத் தேடிப் போனார்கள். ஆறுதல் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று அந்த இளைஞர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2010ல் "ஆயிரத்தில் ஒருவன்" படத்தில் பாம்பே ஜெயஸ்ரீயோடு பாடியபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.

2013

அந்த வருடத்தைத் தமிழ் இசை ரசிகர்கள் மறக்க முடியாது. ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று பி.பி.ஸ்ரீநிவாஸ் காலமானார். மூன்றே நாளில், ஏப்ரல் 17ல், டி.கே.ராமமூர்த்தி. மே 25ல் டி.எம்.சௌந்தரராஜன். ஜூலை 18ல் வாலி. பாடியவர், இசையமைத்த இரட்டையரில் ஒருவர், அந்தப் பாட்டைக் கேட்டு ஊருக்குப் போகாமல் நின்றவர், மூவரும் நூறு நாளுக்குள் போய்விட்டார்கள்.

ரெக்கார்டிங் சென்டர்களும் போய்விட்டன. 2017ல் சரிகம நிறுவனம் "கார்வான்" என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தது. பழைய டிரான்சிஸ்டர் உருவத்தில், ஐயாயிரம் பாட்டு உள்ளேயே பதிந்தது. தமிழுக்கும் வந்தது, அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். வணிகவியல் பாடத்தில் வைக்கலாம்: இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வைத்தது எது? நினைவுதான்.

சட்டத்திலும் ஒரு சுவாரசியம். நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமைக் காலம் வெளியான வருடத்துக்குப்பின் 60 ஆண்டு. 1961ல் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமை 2021 முடிவோடும், 1962ல் வெளியானவற்றின் உரிமை 2022 முடிவோடும் தீர்ந்துவிட்டது. கண்ணதாசன் மறைந்தது 1981ல் என்பதால் பாடல் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு, இசைக்கு இன்னும் நீளும். ஆக, அந்த வருடங்களில் பதிவான குரலுக்கு மட்டும் இன்று சொந்தக்காரர் இல்லை. அல்லது, எல்லாருமே சொந்தக்காரர்கள். கேட்டவர்கள் அறுபது வருடமாக அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

கடைசியாக மறுபடியும் நெம்மேலிக்கே வருவோம். சாலைக்குக் கிழக்கே குப்பம். விடியும் முன்னே படகுகள் கிளம்பும். அந்த மக்களின் வாழ்க்கையைத் தமிழ் சினிமா பாட்டில் சொன்னது என்றால் முதலில் நினைவுக்கு வருவது "படகோட்டி" (1964). எம்.ஜி.ஆருக்காக அதன் பாட்டெல்லாம் எழுதியவர் வாலி. மீனவர் துயரத்தை ஊரெல்லாம் பாட வைத்த மனிதர், அதற்கு இரண்டு வருடம் முன்பு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால்?

ஒரு நண்பன் ஒரு அறையில் மெதுவாகப் பாடின பாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நண்பர் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், ஒரு பாட்டைப் போட்டுக் கொடுங்கள். சத்தம் குறைவாகவே இருக்கட்டும்.